பத்து இரவு, நான்கு ஊர்: நத்தத்திலிருந்து இத்தாலிக்குத் தேனிலவு

நத்தத்தில் போன தலைமுறைக்குக் கல்யாணம் முடிந்ததும் போகிற ஊர் கொடைக்கானல். மாவட்டத்துக்குள்ளேயே மலை, ஏரி, குளிர். இரண்டு நாள் சுற்றிவிட்டு மூன்றாம் நாள் மாமா வீட்டு விருந்துக்குத் திரும்பிவிடலாம். இப்போது மாப்பிள்ளைக்குச் சென்னையிலோ பெங்களூரிலோ வேலை, பெண்ணும் சம்பாதிக்கிறாள். "ஐரோப்பா போனால் என்ன?" என்ற பேச்சு நிச்சயதார்த்தத்தன்றே எழுந்துவிடுகிறது. பேச்சு எழுந்த மறுநாள் "பத்து நாளில் ஏழு நாடு" என்று கைப்பேசியில் விளம்பரமும் வந்து நிற்கிறது.

அந்த ஏழு நாட்டை ஒரு நாடாகக் குறைத்து, அந்த ஒரு நாட்டுக்குள் நான்கு ஊர்களை நிதானமாகப் பார்ப்பது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை. எடுத்துக்காட்டாக இத்தாலியை வைத்துக்கொள்வோம். கணக்கு புரிந்துவிட்டால் ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

ஊரை எண்ணாதீர்கள், இரவை எண்ணுங்கள்

பயணம் போடுகிறவர்கள் முதலில் செய்வது பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல். அது நீண்டுகொண்டேதான் போகும். பட்டியலை மூடி வைத்துவிட்டு, வெளிநாட்டில் எத்தனை இரவு தூங்கப் போகிறீர்கள் என்று எண்ணுங்கள். இரண்டு வார விடுப்பு என்றால் போக வர இரண்டு மூன்று நாள் விமானத்திலும் விமான நிலையத்திலும் கழியும். அசதி தீர ஊரில் ஒரு நாள் வேண்டும். மிஞ்சுவது பத்து இரவு.

ஊர் மாறுகிற ஒவ்வொரு நாளும் அரை நாளைத் தின்றுவிடும். காலை பத்து, பதினொன்றுக்கு அறையைக் காலி செய்ய வேண்டும். அடுத்த ஊரில் அறைச் சாவி பிற்பகல் இரண்டு, மூன்றுக்குத்தான் கிடைக்கும். நடுவில் பெட்டியை இழுத்துக்கொண்டு ரயில் ஏறுவது, இறங்குவது, வழி கேட்பது. பத்து இரவில் ஏழு முறை இடம் மாறினால் மூன்றரை நாள் பெட்டியோடுதான் போகும். மூன்று முறை மாறினால் ஒன்றரை நாளோடு முடிந்தது. ஆகவே ஒரு ஊரில் இரண்டு இரவுக்குக் குறைவாகத் தங்காதீர்கள். பத்து இரவுக்கு நான்கு ஊருக்கு மேல் வேண்டாம்.

இத்தாலியை எடுத்துக்காட்டாக்கியதற்குக் காரணமும் இந்தக் கணக்குதான். அந்நாட்டில் இருபது மாநிலங்கள். ஒவ்வொன்றுக்கும் தனிச் சாப்பாடு, தனிக் கட்டடம், தனி நிலம். ஆனால் பெரிய ஊர்கள் ஒரே ரயில் பாதையில் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்திருக்கின்றன. வெனிசிலிருந்து ஃப்ளோரன்சுக்கு வேக ரயிலில் இரண்டேகால் மணி நேரம். அங்கிருந்து ரோமுக்கு ஒன்றரை மணி நேரம். உள்ளூர் விமானமே தேவையில்லை.

எந்த மாதம்?

நம் கல்யாண மாதங்களும் இத்தாலியின் பருவமும் ஆச்சரியமாக ஒத்துப்போகின்றன. ஆடியில் நாம் முகூர்த்தம் வைப்பதில்லை. புதுப்பெண்ணை ஆடிச் சீரோடு அம்மா வீட்டுக்கு அழைத்துக்கொள்வார்கள். இத்தாலிக்கும் அந்த மாதம் ஆகாது. ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை ரோமிலும் ஃப்ளோரன்சிலும் கல் தரை கொதிக்கும். கூட்டமும் அறை வாடகையும் உச்சத்தில் இருக்கும். ஆகஸ்ட் 15 அங்கே பெரிய விடுமுறை. அதை ஒட்டிக் குடும்பக் கடைகள் பலவற்றைப் பூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய்விடுவார்கள்.

வைகாசியில் கல்யாணமானால் ஜூன் முதல் பாதியில் போகலாம். பகல் நீளம், வெயில் தாங்கும். ஆவணியில் கல்யாணமானால் புரட்டாசியில், அதாவது செப்டம்பர் கடைசியில் போகலாம். திராட்சை அறுவடைக் காலம் அது, கூட்டமும் சற்றுக் குறைந்திருக்கும். என்னைக் கேட்டால் இதுதான் முதல் தேர்வு. ஆனால் தலை தீபாவளிக்குப் பெண் வீட்டில் இருந்தாக வேண்டும் என்பதைப் பஞ்சாங்கத்தில் பார்த்துக்கொண்டு தேதி போடுங்கள்.

தையில் கல்யாணம் செய்கிறவர்களுக்குத்தான் சிக்கல். பிப்ரவரி இத்தாலியில் குளிர், பகலும் சிறிது. ஊரிலோ மாசியில் நத்தம் மாரியம்மன் திருவிழா. கரந்தமலைத் தீர்த்தம் எடுத்து வந்து காப்புக் கட்டிவிட்டால் பூக்குழி முடியும் வரை ஊரை விட்டு நகரக்கூடாது என்கிற வீடுகள் உண்டு. தை ஜோடி பொறுத்திருந்து ஏப்ரலில் போவது நல்லது. மறுவீடு, விருந்து, தாலி பிரித்துக் கோர்ப்பது எல்லாம் அதற்குள் முடிந்திருக்கும். விசாவுக்கும் போதிய நேரம் கிடைக்கும்.

பத்து இரவைப் பங்கிடுவது

போகும் விமானம் வெனிசில் இறங்கட்டும். திரும்பும் விமானம் ரோமிலிருந்து ஏறட்டும். இறங்கும் ஊரும் ஏறும் ஊரும் வேறாக இருக்கும்படி ஒரே டிக்கெட்டாக எடுக்கலாம். விலை பெரும்பாலும் ஒரே ஊருக்குப் போய் வருவதை ஒட்டியே இருக்கும். இது தெரியாமல் ரோமில் இறங்கி, வெனிஸ் வரை ஏறி, மீண்டும் ரோமுக்கே திரும்புகிறவர்கள் ஒரு நாளையும் ரயில் காசையும் வீணாக்குகிறார்கள். வெனிஸ், ரோம் இரண்டுக்குமே வளைகுடா நிறுவனங்களின் விமானங்கள் உண்டு. சென்னையிலிருந்து துபாய் அல்லது தோகா வழியாகப் போகலாம். மதுரை விமான நிலையத்திலிருந்து தனியாகத் துபாய்க்கு ஒரு டிக்கெட், அங்கிருந்து வேறு நிறுவனத்தில் இன்னொரு டிக்கெட் என்று எடுத்தால், முதல் விமானம் தாமதமானால் இரண்டாவதற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். முழு வழிக்கும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள்.

வெனிஸ் இரண்டு இரவு. சாலையில்லாத ஊர். கார், ஆட்டோ எதுவும் கிடையாது. படகுதான் பஸ். படகுத்துறையிலிருந்து விடுதிக்குப் படிக்கட்டுப் பாலங்கள் ஏறி இறங்க வேண்டும் என்பதால் சிறிய பெட்டியாக எடுத்துக்கொள்ளுங்கள். கொண்டோலாப் படகுக்கு நகராட்சியே கட்டணம் நிர்ணயித்திருக்கிறது. பகலில் அரை மணி நேரத்துக்கு 90 யூரோ, இரவில் 110. இது படகுக்கான கட்டணம், ஆளுக்கு அல்ல. பகலில் வந்து மாலையே திரும்பும் கூட்டத்தைக் கட்டுப்படுத்த, 2024 முதல் குறிப்பிட்ட நாட்களில் நுழைவுக் கட்டணமும் வாங்குகிறார்கள். இரவு தங்குகிறவர்களுக்கு அது இல்லை, ஆனால் இணையத்தில் விலக்குப் பதிவு செய்துகொள்ள வேண்டும். வெனிசின் அழகு பகல் கூட்டம் கிளம்பிய பிறகுதான் தொடங்குகிறது. தங்குவதன் பயனே அதுதான்.

வெரோனா இரண்டு இரவு. வெனிசிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். ரோமியோ ஜூலியட் கதை நடக்கும் ஊர் என்பதால் காதலர்கள் குவிகிறார்கள். ஜூலியட் வீட்டு மாடம் என்று காட்டுவது இருபதாம் நூற்றாண்டில் பொருத்தப்பட்டது. படம் எடுத்துக்கொள்ளுங்கள், நம்பிவிடாதீர்கள். இரண்டாம் நாள் கார்தா ஏரிக்குப் போங்கள். இத்தாலியின் மிகப் பெரிய ஏரி, ரயிலில் கால் மணி நேரம். கொடைக்கானல் ஏரியைச் சுற்றிப் பழகியவர்களுக்கு அது கடல்போலத் தெரியும்.

இந்த ஏரிக்குத் தெற்கே காஸ்திலியோனே டெல்லே ஸ்திவியேரே என்று ஒரு சிற்றூர். சுற்றுலா விளம்பரம் எதிலும் இருக்காது. 1680இல் அங்கே பிறந்த பெஸ்கி, 1711இல் மதுரை மறைப்பணிக்கு வந்து வீரமாமுனிவர் ஆனார். தேம்பாவணி எழுதியவர், சதுரகராதி தொகுத்தவர், எகர ஏகார, ஒகர ஓகார எழுத்து வேறுபாட்டை ஒழுங்கு செய்தவர். "ஏரி" என்று நீங்கள் எழுதும்போது அந்த ஊர்க்காரரின் கையும் அதில் இருக்கிறது. அரை நாள் ஒதுக்க முடிந்தால் போய் வாருங்கள். செஞ்சிலுவை இயக்கத்துக்கு வித்திட்ட 1859 சொல்ஃபெரினோ போரில் காயம்பட்டவர்களைத் தாங்கியதும் அவ்வூர்தான். அதற்கொரு அருங்காட்சியகம் இருக்கிறது.

ஃப்ளோரன்ஸ் மூன்று இரவு. ஒரு நாள் ஊருக்குள், ஒரு நாள் டஸ்கனி மாநிலத்தின் நாட்டுப்புறத்துக்கு. நத்தத்து மாந்தோப்பும் புளியமரமும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அங்குள்ள ஆலிவ் தோப்பும் திராட்சைக் கொடியும் அந்நியமாகத் தோன்றாது. சியெனா ஊருக்குப் பஸ் இருக்கிறது. ஃப்ளோரன்ஸ் பேராலயக் குவிமாடத்தின் உச்சிக்கு 463 படி, லிஃப்ட் கிடையாது. நேரம் குறித்த டிக்கெட் முன்பதிவு செய்ய வேண்டும். உஃபிசி ஓவியக் கூடமும் டேவிட் சிலை இருக்கும் கூடமும் திங்கட்கிழமை மூடியிருக்கும். தேதி போடும்போதே திங்களை நாட்டுப்புறத்துக்கு ஒதுக்கிவிடுங்கள்.

ரோம் மூன்று இரவு. கொலோசியம் டிக்கெட்டில் உங்கள் பெயர் இருக்கும், வாசலில் பாஸ்போர்ட்டோடு ஒப்பிடுவார்கள். வாடிகன் அருங்காட்சியகம் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் மூடியிருக்கும். புனித பேதுரு பேராலயத்துக்குள் நுழையக் கட்டணம் இல்லை. தோளும் முட்டியும் மூடியிருந்தால் போதும். நம் கோயில் பழக்கம்தான், செருப்பு மட்டும் காலிலேயே இருக்கும். பழைய ரோமின் மன்றப் பகுதியில், பேரரசர் மாக்செந்தியுசின் மண்டபத்துக்கு அடியில், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழைய மிளகுக் கிடங்கின் இடிபாடு இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை மிளகு போய்ச் சேர்ந்த இடம். அதற்கு விலையாக வந்த ரோமானியப் பொற்காசுகள் நம் மாவட்டத்துப் பழனி வட்டாரத்திலேயே புதையலாகக் கிடைத்திருக்கின்றன. கொலோசியத்துக்கு வரிசையில் நிற்கும்போது துணைவிக்கோ துணைவருக்கோ சொல்ல ஒரு கதை ஆயிற்று.

கடல் வேண்டும் என்கிறவர்கள் வெனிசையும் வெரோனாவையும் எடுத்துவிட்டு, தெற்கே நேப்பிள்சைத் தாண்டிச் சொரெந்தோவில் நான்கு இரவு வைத்துக்கொள்ளலாம். அமால்ஃபி கடற்கரையும், கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பேயும் அங்கிருந்து பக்கம். போக வர ரோம் விமானமே போதும். வடக்கும் தெற்கும் இரண்டுமே வேண்டும் என்று மட்டும் ஆசைப்படாதீர்கள். பத்து இரவு அதற்குத் தாங்காது.

காகிதங்கள்

பாஸ்போர்ட்டிலிருந்து தொடங்க வேண்டும். திண்டுக்கல் மாவட்டம் மதுரை மண்டலப் பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது. ஐரோப்பாவிலிருந்து கிளம்பும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும், பத்து ஆண்டுக்குள் வழங்கப்பட்டிருக்க வேண்டும், இரண்டு பக்கமாவது வெற்றாக இருக்க வேண்டும்.

கல்யாணம் ஆனதும் பெண்ணின் பாஸ்போர்ட்டில் பெயரை மாற்ற வேண்டுமா என்று எல்லாரும் கேட்பார்கள். தேவையில்லை. அப்பா பெயரோடு இருப்பது அப்படியே இருக்கட்டும். பாஸ்போர்ட், விசா, விமான டிக்கெட் மூன்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருப்பதுதான் முக்கியம். நம்மவர்களுக்கு இன்னொரு தொல்லை, குடும்பப் பெயர்க் கட்டம் வெறுமையாக இருப்பது. விமான நிறுவன இணையதளம் அதை விடாமல் கேட்கும். மனம்போன போக்கில் நிரப்பாமல், அந்த நிறுவனத்திடம் கேட்டு அவர்கள் சொல்லும் முறையில் எழுதுங்கள்.

அடுத்தது திருமணப் பதிவு. தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி எல்லாத் திருமணமும் 90 நாளுக்குள் பதிவாக வேண்டும். மண்டபக் கணக்கு முடித்த கையோடு சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்விடுங்கள். விசாவுக்கும் அந்தச் சான்றிதழ் பயன்படும்.

இத்தாலிக்கு எடுப்பது ஷெங்கன் விசா. 29 நாடுகளுக்கு அது ஒன்றே போதும். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். ஒரே நாடு போவதில் இங்கேயும் குழப்பம் இல்லை. கணவன் மனைவிக்குத் தனித்தனி விண்ணப்பம். கட்டணம் ஆளுக்கு 90 யூரோ, விசா விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம். முடிவு சொல்ல 15 நாள் என்பது விதி, ஆய்வு தேவைப்பட்டால் 45 நாள் வரை நீளும். கோடைக் கூட்டத்தில் கைரேகை வைக்க நாள் கிடைப்பதே பாடு என்பதால் இரண்டு மூன்று மாதம் முன்பே சென்னை மையத்தில் நேரம் வாங்கிவிடுங்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

விசா அதிகாரி பார்ப்பது இரண்டே விஷயம். செலவுக்குக் காசு இருக்கிறதா? முடிந்ததும் ஊருக்குத் திரும்புவார்களா? சம்பளக்காரர்களுக்குச் சம்பளச் சீட்டும் விடுப்புக் கடிதமும் போதும். கடை வைத்திருப்பவர்கள், சட்டை தைக்கும் யூனிட் நடத்துபவர்கள், தோப்புக்காரர்கள் தொழில் பதிவு, வருமான வரிக் கணக்கு, நிலப் பத்திரம் ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். இங்கேதான் மொய்ப்பணம் காலை வாரும். கல்யாணம் முடிந்த வாரத்தில் சில லட்சம் ஒரே நாளில் வங்கியில் ஏறியிருந்தால், விசாவுக்காகக் கடன் வாங்கிப் போட்டதுபோலத் தெரியும். கல்யாணப் பத்திரிகையோடு ஒரு பக்க விளக்கக் கடிதம் இணைத்துவிடுங்கள். அதைவிட, விண்ணப்பத்துக்குப் பல மாதம் முன்பிருந்தே கணக்கில் சேமிப்பு இருப்பதுதான் நல்ல சாட்சி. விடுதிகளை, இலவசமாக ரத்து செய்யும் வசதியோடு பதிவு செய்யுங்கள். நாள்வாரித் திட்டத்தில் உள்ள ஊரும் தேதியும் விடுதிப் பதிவோடு பொருந்த வேண்டும்.

அங்கே இறங்கியதும் முகப்படம் எடுப்பார்கள், விசாவுக்கு வைத்த கைரேகையைச் சரிபார்ப்பார்கள். பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதற்குப் பதிலாக 2025 அக்டோபரில் தொடங்கிய முறை அது. வரிசை நீளலாம், இறங்கிய இரண்டு மணி நேரத்துக்குள் ரயில் பதிவு செய்துவிடாதீர்கள்.

காசு, நகை, பெட்டி

வேக ரயில் டிக்கெட் விமான டிக்கெட்டைப் போல, முன்னால் எடுத்தால் மலிவு. சாதா ரயிலுக்கு எப்போது எடுத்தாலும் ஒரே விலை. ஆனால் காகித டிக்கெட் என்றால் ஏறும் முன் நடைமேடை இயந்திரத்தில் செருகி முத்திரை இட வேண்டும். மறந்தால் அபராதம். ரயில் வேலைநிறுத்தம் அங்கே சகஜம், முன்கூட்டியே அறிவிப்பார்கள். ஊர் மாறுகிற நாளுக்கு முந்தின இரவு ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். விடுதியில் ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று நகர வரி தனியாகக் கேட்பார்கள். அதற்குச் சில்லறை நோட்டு வைத்திருங்கள். சுற்றுலா நிறுவனத்திடம் பேக்கேஜாக வாங்கினால் விலையோடு வரியும் பிடிப்பார்கள். அந்த வரிக்கு ரசீது வாங்கி வைத்தால் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

புதுப்பெண் நகையோடு போவதா? தாலி போதும். மற்றது லாக்கரில் இருக்கட்டும். ரோம் ரயில் நிலையமும் வெனிஸ் படகும் ஜேப்படிக்காரர்களுக்குப் பேர்போனவை. கூடுதல் நகை போட்டுத்தான் போவேன் என்றால், கிளம்பும் விமான நிலையத்தில் சுங்கத்துறையிடம் காட்டிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பும்போது அங்கே வாங்கியதா என்ற கேள்வி வராது.

அம்மாக்கள் பெட்டியில் எதையாவது திணிப்பார்கள். ஐரோப்பிய ஒன்றியம் வெளியிலிருந்து வருகிறவர்களின் பெட்டியில் கறியையும் பால், நெய்யையும் அனுமதிப்பதில்லை. பழங்களுக்குத் தாவர நலச் சான்று வேண்டும். விலக்கு ஐந்தே ஐந்துக்குத்தான்: அன்னாசி, தேங்காய், வாழை, பேரீச்சை, டுரியான். நத்தம் மாம்பழம் போக முடியாது, தேங்காய் போகலாம். பருப்புப் பொடியும் ஒரு சிறு எலுமிச்சை ஊறுகாயும் போதும்.

சாப்பாடு

சைவர்களுக்கு ஐரோப்பாவிலேயே சுலபமான நாடுகளில் ஒன்று இத்தாலி. தக்காளி, பூண்டு, கீரை, கத்தரிக்காய் எல்லாம் உண்டு. வடக்கே சோறும் உண்டு. நம் பொங்கல் பதத்தில் குழைத்துத் தருவார்கள், ரிசோத்தோ என்று பெயர். சுத்த சைவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாலாடைக்கட்டியில் பேர்பெற்ற பார்மிஜானோ, கன்றின் இரைப்பைச் சத்தைக் கொண்டு பால் திரித்துச் செய்வது. வேண்டாம் என்றால் தூவும் முன்பே சொல்லிவிடுங்கள். "சென்ட்ஸா கார்னே" என்றால் கறி இல்லாமல் என்று பொருள். ராத்திரிச் சாப்பாட்டுக் கடைகள் ஏழரைக்கு முன் திறப்பது அரிது. பில்லில் தலைக்கு ஓரிரு யூரோ மேசைக் கட்டணம் சேர்ந்திருக்கும். அது ஏமாற்று அல்ல, அந்நாட்டு வழக்கம். ரோமில் தெருக்குழாயில் ஓயாமல் ஓடும் தண்ணீர் குடிக்க நல்லது. பாட்டிலுக்குக் காசு போடாதீர்கள்.

ஒரு நாளைச் சும்மா விடுங்கள்

பெரியவர்கள் பார்த்து வைத்த கல்யாணம் என்றால், நிச்சயத்துக்கும் முகூர்த்தத்துக்கும் நடுவே இருவரும் பேசியது பெரும்பாலும் கைப்பேசியில். தாலி கட்டிய பிறகு மறுவீடு, விருந்து, குலதெய்வம் என்று சுற்றிலும் ஆட்கள். இருவர் மட்டும் தொடர்ந்து பத்து நாள் இருக்கப் போவது இந்தப் பயணத்தில்தான். ஒருவருக்கு அதிகாலையில் விழிப்பு வரும், இன்னொருவருக்கு எட்டு மணிக்கு முன் கண் திறக்காது என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும்.

அதனால் டிக்கெட் எடுப்பதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். ஆளுக்கொரு தாளில், ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்காமல், பயணத்தில் கட்டாயம் வேண்டிய மூன்றை எழுதுங்கள். இரண்டு தாளிலும் வந்ததற்கு அதிக இரவு கொடுங்கள். ஒரு தாளில் மட்டும் வந்ததற்கு அரை நாளாவது கொடுங்கள். இரண்டிலும் வராததை, ஊரே மெச்சுகிற இடமானாலும், விட்டுவிடுங்கள். ஃப்ளோரன்சின் மூன்று இரவில் ஒரு பகலுக்கு எதுவும் எழுதாமல் வெறுமையாக வையுங்கள். கால் வலித்தால் தூங்கலாம், மழை பெய்தால் காபிக் கடையில் உட்காரலாம், பிடித்த தெருவுக்கு மறுபடி போகலாம்.

திரும்பி வந்ததும் விருந்து வீடுகளில் "எத்தனை நாடு பார்த்தீங்க?" என்று கேட்பார்கள். ஒன்று என்று சொன்னால் சிலர் உதட்டைப் பிதுக்குவார்கள். பிதுக்கட்டும். ஏரிக்கரையில் எந்தப் பெஞ்சில் உட்கார்ந்தீர்கள் என்று கேட்டால் உங்கள் இருவருக்கும் பதில் தெரிந்திருக்கும்.